9 எம்பி படத்துக்கு 16 ஜிபி ரேம் ஏன் போதவில்லை?

"அண்ணே, போட்டோ வெறும் 9 எம்பி தான். கம்ப்யூட்டர்ல 16 ஜிபி ரேம் இருக்கு. அப்படியும் மெமரி பத்தலைன்னு நிக்குது. இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டுடவா?"

ஆல்பம் வடிவமைப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது. கடைக்குக் கிளம்பும் முன்பே கேட்டாரே என்று எனக்கு நிம்மதி. திரையில் வந்த செய்தியை அப்படியே வாசித்துக் காட்டச் சொன்னேன். "ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் ஆர் ஃபுல்" என்றார். அவர் கணினியில் ரேம் தாராளமாக இருந்தது. சி டிரைவில்தான் 3 ஜிபி மட்டும் மிச்சம். பழைய கல்யாண வீடியோ இரண்டை வேறு டிரைவுக்கு மாற்றியதும் வேலை ஓடத் தொடங்கிவிட்டது.

"மெமரி எரர்" என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே ஒரு கோளாறு கிடையாது. ரேம், டிரைவில் மென்பொருள் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்கிராட்ச் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் நினைவகம் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. இவற்றில் எது நிரம்பியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் செலவழித்தால் காசு போகும், செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

மடித்த சேலையும் விரித்த சேலையும்

முதலில் அந்த 9 எம்பி கணக்கு. ஜேபெக் கோப்பு என்பது மடித்து பீரோவில் வைத்த பட்டுச்சேலை மாதிரி. மடிப்பில் ஒரு சாண் இடம் போதும். ஆனால் முந்தானையில் என்ன வேலைப்பாடு, உடலில் என்ன புட்டா என்று பார்க்க வேண்டுமென்றால் கூடம் நிறைய விரித்தாக வேண்டும். போட்டோஷாப், கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருள்கள் எல்லாமே படத்தை விரித்து வைத்துத்தான் வேலை செய்கின்றன.

விரித்தால் எவ்வளவு? 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். 8 பிட் படத்தில் ஓர் எண்ணுக்கு ஒரு பைட். ஆக 7 கோடியே 20 லட்சம் பைட், அதாவது 72 எம்பி. அதே படத்தை ரா எனப்படும் கேமராவின் மூலக் கோப்பிலிருந்து 16 பிட்டாகத் திறந்தால் 144 எம்பி. 200 மெகாபிக்சல் என்று விற்கும் ஃபோனில் முழு அளவில் எடுத்த படமென்றால் விரித்ததும் 600 எம்பி. கோப்பின் அளவைப் பார்த்து நினைவகத்தைக் கணக்கிடவே கூடாது. பிக்சலைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். அகலம் பெருக்கல் உயரம் பெருக்கல் மூன்று. இந்த ஒரு கணக்கு கைவசம் இருந்தால் இனி வரப்போகும் எதுவும் புதிராக இருக்காது.

இப்போது நம் ஊர் ஸ்டூடியோக்களில் வழக்கமான 12க்கு 36 அங்குல ஆல்பம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அது 3600க்கு 10,800 பிக்சல். ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகளைத்தான் லேயர் என்கிறோம்; பின்னணி லேயர் ஒன்றே சுமார் 117 எம்பி. அதன் மேல் பத்து படங்களை வைக்கிறோம், ஒவ்வொன்றும் 72 எம்பி. நிழல், பூ டிசைன், எழுத்து, மாஸ்க் எல்லாம் தனி. ஒரே பக்கம் 1 ஜிபியைத் தொட அதிக நேரம் ஆகாது. தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தபோது அதற்குத் தேவைப்பட்ட ரேம் 2 எம்பி தான். இன்றைய ஆல்பம் பக்கத்தின் வெறும் பின்னணி மட்டுமே அதைப்போல 58 மடங்கு!

விரிப்பு நிறைந்தால் பக்கத்து அறை

ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்பின் மேல் ஒவ்வொரு சேலையாக விரித்துப் போடுவார்களே, அந்த விரிப்புதான் ரேம். கண் முன்னால் இருப்பதை உடனே எடுக்கலாம். விரிப்பு நிறைந்ததும் கடைக்காரர் வியாபாரத்தை நிறுத்துவதில்லை. இப்போதைக்குத் தேவைப்படாததைப் பக்கத்து அறையில் கொண்டுபோய் வைக்கிறார். கேட்டால் எடுத்து வருகிறார், கொஞ்சம் நேரமாகிறது. அந்தப் பக்கத்து அறைதான் ஸ்கிராட்ச் டிஸ்க். ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ காலியாக இருக்கும் இடத்தை மென்பொருள் தற்காலிகமாக எடுத்துக்கொள்கிறது. போட்டோஷாப்பில் இந்த ஏற்பாடு தொடக்க காலத்திலிருந்தே உண்டு. அன்றைய குட்டி ரேமில் வேறு எப்படிப் படம் திருத்துவது?

சரி, பக்கத்து அறையும் நிறைந்தால்? அப்போதுதான் "ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்" செய்தி. இது டிரைவில் காலியிடம் இல்லை என்கிற செய்தி. ரேம் கூட்டினால் பக்கத்து அறைக்குப் போகும் பாரம் குறையும், உண்மைதான். ஆனால் டிரைவை நிரம்பியபடியே விட்டுவைத்தால் இன்று வராத செய்தி அடுத்த வாரம் வரும்.

புதியவர்களை அதிகம் குழப்புவது ஹிஸ்டரி. "மூணாவதா ஒண்ணு காட்டினீங்களே, அதை இன்னொரு தரம் காட்டுங்க" என்று வாடிக்கையாளர் எப்போது கேட்பார் என்று தெரியாததால் கடைக்காரர் எதையும் மடிக்க முடிவதில்லை. அதேபோல, நீங்கள் பின்னால் போகக்கூடும் என்பதற்காக ஒவ்வொரு படிக்கும் மாறிய பகுதிகளின் பழைய நிலையை மென்பொருள் பத்திரமாக வைத்திருக்கிறது. இப்போதைய போட்டோஷாப்பில் இது வழக்கமாக 50 படி. தூரிகையால் ஒரு புள்ளி வைத்தால் சிறு துண்டுதான் மாறும். ஆனால் படம் முழுவதற்கும் ஒரு பிளர் போட்டால் முழுப் படத்தின் பழைய நிலையும் சேமிப்பில் ஏறும். 117 எம்பி பக்கத்தில் முழுப்பட ஃபில்டர்களாக 20 படி போட்டால் 2 ஜிபிக்கு மேல் போய்விடும். திரையில் ஒரே படம்தான் தெரிகிறது, உள்ளே இருபது.

செய்தி வந்த அந்த நிமிடத்தில்

திறந்திருக்கும் வேலை சேமிக்கப்படாமல் இருக்கும்போதுதான் இந்தச் செய்தி பெரும்பாலும் வரும். பதற்றத்தில் மென்பொருளை மூடிவிடாதீர்கள். அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு, முதலில் டிரைவில் இடம் உண்டாக்குங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள், பெரிய வீடியோ ஒன்றிரண்டை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். சில ஜிபி கிடைத்ததும் திரும்பி வந்து, வேறு பெயரில், முடிந்தால் வேறு டிரைவில் சேமியுங்கள்.

மாற்ற எதுவுமே இல்லையென்றால் எடிட் மெனுவில் பர்ஜ் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஹிஸ்டரிகளைக் கழிக்கலாம், கிளிப்போர்டையும் கழிக்கலாம். பெரிய படம் ஒன்றை காப்பி செய்தால் அது பேஸ்ட் ஆன பிறகும் கிளிப்போர்டில் உட்கார்ந்திருக்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: பர்ஜ் செய்த ஹிஸ்டரி திரும்ப வராது. அதற்கு முந்தைய நிலைக்கு அன்டூ போட முடியாது.

மென்பொருள் திறக்கும்போதே ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொல்லி மூடிக்கொள்கிறதா? விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டே போட்டோஷாப்பைத் திறங்கள். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன். எந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்கும். காலியிடம் உள்ள டிரைவைக் காட்டிவிடலாம். இந்த ஒன்று தெரியாமல் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவி ஒரு நாளை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: கரண்ட் போவது. போட்டோஷாப் ஒழுங்காக மூடும்போது தன் தற்காலிகக் கோப்புகளைத் தானே அழித்துவிடும். திடீரென்று மின்சாரம் நின்றாலோ மென்பொருள் உறைந்துபோய் நாம் வலுக்கட்டாயமாக மூடினாலோ அவை அப்படியே கிடந்துவிடும். ஒவ்வொன்றும் பல ஜிபி இருக்கக்கூடும். அடுத்த முறை மென்பொருளைத் திறந்து, பாதியில் நின்ற வேலையை மீட்டுக் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொடுத்தால் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு போட்டோஷாப்பை முழுதாக மூடிவிட்டு, டிரைவில் "போட்டோஷாப் டெம்ப்" என்று ஆங்கிலத்தில் தேடினால் அந்தப் பெயரோடு எண்கள் சேர்ந்த கோப்புகள் அகப்படும். அவற்றை அழிக்கலாம். மென்பொருள் திறந்திருக்கும்போது மட்டும் தொடாதீர்கள். யுபிஎஸ் இல்லாத ஸ்டூடியோவில் மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது.

ஸ்கிராட்ச் டிஸ்க்கை நிரந்தரமாக மாற்ற ப்ரிஃபரன்சஸில் ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் என்றே ஒரு பகுதி உண்டு. விண்டோஸ் இருக்கும் டிரைவை விட்டு, வேறொரு எஸ்எஸ்டி இருந்தால் அதை முதலாவதாக வையுங்கள். ஒரே எஸ்எஸ்டியை சி, டி என்று பிரித்து டி-யைக் காட்டினால் வேகம் கூடாது, ஆனால் காலியிடம் கிடைக்கும். பென் டிரைவ் வேண்டவே வேண்டாம். ஆல்பம் வேலைக்கு எப்போதும் 50 ஜிபியாவது காலியாக வைத்திருப்பது என் பழக்கம். ஃப்ளெக்ஸ் வேலை செய்பவர்களுக்கு அதுவும் பற்றாது.

படமே அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால்

டிரைவில் 100 ஜிபி காலி, ரேமும் இருக்கிறது, ஆனாலும் கிராப் செய்தவுடன் ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறதா? கிராப் கருவியின் மேல்பட்டையைப் பாருங்கள். 800க்கு 600 என்று நீங்கள் பிக்சலை நினைத்து அடித்திருப்பீர்கள். அலகு அங்குலத்தில் இருந்திருக்கும், ரெசல்யூஷன் 300. அப்படியானால் நீங்கள் கேட்டது 2,40,000க்கு 1,80,000 பிக்சல் படம். விரித்தால் கிட்டத்தட்ட 130 ஜிபி! கணினி தன்னால் முடியாது என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டங்களில் இருக்கும் எண்களை கிளியர் செய்தாலே போதும். முந்தைய வேலையில் போட்ட எண்கள் அங்கேயே தங்கிவிடும் என்பதால், நேற்று வரை ஒழுங்காக இருந்த கருவி இன்று திடீரென்று இப்படிச் சொல்லும்.

ஃப்ளெக்ஸ் பேனரிலும் இதே தவறுதான், கொஞ்சம் சிறிய அளவில். 20க்கு 10 அடி பேனரை "தரம் நல்லா இருக்கட்டும்" என்று 300 டிபிஐயில் திறப்பார்கள். அது 72,000க்கு 36,000 பிக்சல். அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே என்றால் புள்ளிக்கு நான்கு பைட். ஒரு லேயரே 10 ஜிபியைத் தாண்டும். வேலையை முடித்தாலும் சாதாரண பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்க முடியாது. ஏனென்றால் பிஎஸ்டியின் உச்சவரம்பு அகலத்திலும் உயரத்திலும் 30,000 பிக்சல், கோப்பின் அளவில் 2 ஜிபி. அதற்கு மேல் பிஎஸ்பி (PSB) என்ற வடிவம் வேண்டும். அதே பேனர் 72 டிபிஐயில் 17,280க்கு 8,640 பிக்சல். ஒரு லேயர் சுமார் 600 எம்பியில் அடங்கிவிடும். சாலையோரத்தில் முப்பது அடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு 300, தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 அல்லது அதற்கும் குறைவு. அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பித்தால் கணினியும் தப்பிக்கும், உங்கள் நேரமும் மிஞ்சும்.

லேயர்களிலும் கண்ணுக்குத் தெரியாத பாரம் உண்டு. 24 மெகாபிக்சல் படத்தை ஆல்பம் பக்கத்தில் இழுத்துப்போட்டு முகம் மட்டும் தெரியும்படி நகர்த்தினால், பக்கத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அழிவதில்லை. மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அமைப்பு இறுதியானதும் செலக்ட் ஆல் கொடுத்து, இமேஜ் மெனுவில் கிராப் கொடுத்தால் அந்த உபரி எல்லாம் போய்விடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் அப்படித்தான்: உள்ளே மூலப்படம் முழுதாக இருக்கும். பின்னால் மாற்ற வேண்டியிருக்கும் படங்களுக்கு அது அருமையான வசதி, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்துவிட்ட படத்தை ராஸ்டரைஸ் செய்து சாதாரண லேயராக்கிவிடலாம். அதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத் திருத்தம் முடிந்த 16 பிட் படத்தை 8 பிட்டாக்கினால் பாரம் சரிபாதியாகும். ஆல்பம் அச்சுக்கு அது போதும்.

ரேம் உண்மையிலேயே போதாதபோது

இந்தப் பகுதியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னதை எல்லாம் பார்த்த பிறகுதான் இங்கே வர வேண்டும் என்பது. போட்டோஷாப் சன்னலின் கீழ் ஓரத்தில், கோப்பின் அளவைக் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதம் என்று காட்டினால் வேலை முழுவதும் ரேமுக்குள்ளேயே நடக்கிறது. புது ரேம் வாங்கி எந்தப் பயனும் இல்லை. உங்கள் வழக்கமான வேலையில் அது 90க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கிறதென்றால் பக்கத்து அறைக்கு நடை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது வாங்கலாம். கடைக்காரர் சொல்வதை விட இந்த எண் சொல்வதை நம்புங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம். ஒன்று, பின்னணியில் ஓடும் பிரௌசர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் யார் எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். முப்பது டேப் திறந்த பிரௌசர் பல ஜிபியை எடுத்துக்கொள்வது சாதாரணம். இரண்டு, ப்ரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ். இருக்கும் ரேமில் வழக்கமாக 70 சதவீதம் போட்டோஷாப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். 80 வரை ஏற்றலாம். ஆசைப்பட்டு 100 வைக்காதீர்கள். விண்டோஸுக்கே மூச்சுவிட இடமில்லாமல் எல்லாம் சேர்ந்து மெதுவாகும். ஹிஸ்டரியின் 50 படியை 20 ஆக்குவதும் இதே பக்கத்தில்தான்.

விண்டோஸ் 10இல் சில போட்டோஷாப் பதிப்புகள் ரேமின் அளவையே தவறாகப் படித்துவிடுவதுண்டு. "96க்கும் 8க்கும் இடையில் ஒரு முழு எண் வேண்டும்" என்று பொருளே இல்லாத ஒரு செய்தி வந்தால் அதுதான் காரணம். உங்கள் ரேமில் கோளாறு இல்லை. புதிய பதிப்புக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னும் போட்டோஷாப் 7, சிஎஸ்3 என்று பழையதை வைத்திருக்கும் ஸ்டூடியோக்கள் உண்டு. அவை 32 பிட் மென்பொருள்கள். கணினியில் 32 ஜிபி ரேம் இருந்தாலும் அவற்றால் 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. விண்டோஸில் பெரும்பாலும் 2 ஜிபியோடு நின்றுவிடும். 64 பிட் வசதி விண்டோஸுக்கு 2008இல் சிஎஸ்4 பதிப்போடும், மேக்குக்கு 2010இல் சிஎஸ்5 பதிப்போடும்தான் வந்தது. பழைய பதிப்புக்காகப் புது ரேம் வாங்குவது வீண் செலவு.

கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கும் கதை இதேதான், பெயர்கள் மட்டும் வேறு. ப்ரிஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில் டைல் கேஷ் அளவு என்று இருப்பது ரேமில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் ஸ்வாப் ஃபோல்டருக்குப் போகும். அதை ஃபோல்டர்ஸ் பகுதியில் காலியிடம் உள்ள டிரைவுக்கு மாற்றலாம். அன்டூவுக்கு எவ்வளவு நினைவகம் என்பதையும் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியிலேயே கட்டுப்படுத்தலாம்.

கிராஃபிக்ஸ் கார்டு பற்றிய செய்தி வந்தால் முதலில் அதன் டிரைவரைப் புதுப்பியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் ப்ராசஸர் பயன்பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சில கருவிகள் வேலை செய்யாது, ஆனால் கையிலிருக்கும் ஆல்பத்தை முடித்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. இதுவரை சொன்னதில் எதுவும் பொருந்தாமல், வேறு வேறு மென்பொருள்களும் திடீர் திடீரென்று மூடிக்கொள்கின்றன, நீலத்திரை வருகிறது, சேமித்த படத்தில் கோடு கோடாக நிறம் மாறியிருக்கிறது என்றால் ரேம் ஸ்டிக்கே பழுதாகியிருக்கலாம். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. தேடு கட்டத்தில் அந்தப் பெயரை அடித்து இரவு ஓட விடலாம். இன்னும் ஆழமாகப் பார்க்க மெம்டெஸ்ட்86 உண்டு. பிழை காட்டினால் கணினியை அணைத்து, ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு மற்றதோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள்; பிறகு மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது பழுது என்று தெரிந்துவிடும். பழுதான ஸ்டிக் இருந்த நாட்களில் சேமித்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நூறு சதவீதப் பெரிதாக்கலில் ஓரம் முதல் ஓரம் வரை பார்த்துவிட்டு மட்டும் அச்சுக்கு அனுப்புங்கள்.